ஆபரேஷன் சக்சஸ்... அப்புறம்?

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும். இன்றைக்கு மோஷனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாருக்கும் வருத்தம் இல்லை பாருங்கள்.

நம் ஆட்களுக்கு சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி பற்றிப் பேசுவதில் கூச்சமே கிடையாது. தில்லியில் எந்தத் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனாலும், பக்கத்து இலைக்காரர் தன்னுடைய சர்க்கரை அளவைச் சொல்லிவிட்டுத்தான் பாயசத்துக்குக் கை நீட்டுவார். பைபாஸ் ஆனவர் சட்டைப் பட்டனைக் கழற்றித் தழும்பையே காட்டுவார். மலக்குடலில் கேன்சர் வந்து ஆபரேஷன் ஆனவர் மட்டும் "வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன்" என்று முடித்துக்கொள்வார். உண்மையைச் சொன்னால், அவர் அந்தப் பந்திக்கே வந்திருக்க மாட்டார்.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், அப்படி வராமல் போனவர்களில் ஒருவர். மத்திய சர்க்கார் உத்தியோகம், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். மலக்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாத மாப்ள. மத்ததெல்லாம் போடு. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

ஸ்கேன் சுத்தம். ரத்தத்தில் பார்க்கும் சிஇஏ அளவு சரியாக இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் கை குலுக்கி அனுப்புகிறார். ஊரில் இருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் "முருகன் காப்பாத்திட்டான்" என்கிறார்கள். காப்பாற்றியது உண்மைதான். ஆனால் முதல் ஒன்றரை வருஷம் மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை பாத்ரூம் போய்க்கொண்டிருந்தார். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி. அவசரம் வந்தால் அரை நிமிஷம்கூடத் தாங்காது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் மலை மந்திருக்கு, செவ்வாய் தவறாமல் படியேறிப் போனவர், போவதையே நிறுத்திவிட்டார். சன்னதியில் நிற்கும்போது வந்துவிட்டால்? திருநெல்வேலியில் சொந்த அண்ணன் மகள் கல்யாணம், அதற்கும் போகவில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 33 மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்ற ஒரே பயம்.

உயிர் பிழைத்தவர், பாத்ரூம் கதவிலிருந்து பத்தடிக்குள் வாழ ஆரம்பித்தார். இதற்கா அத்தனை கீமோவும் கரண்ட்டும்?

இங்கேதான் என் வாதம் ஆரம்பிக்கிறது. அத்தானுக்கு வந்தது ஏதோ அபூர்வமான சிக்கல் இல்லை. மலக்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெருங்குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்ப் பக்கம் இணைக்கிற ஆபரேஷனுக்குப் பிறகு இது சர்வ சாதாரணம். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அளக்க ஒரு அளவுகோல் இருக்கிறது, குறைக்க வழிகளும் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், யாரும் கேட்காததாலும் இவர் சொல்லாததாலும் ஒன்றரை வருஷம் வீணாகப் போனது. கேன்சர் ஆபரேஷனுக்குப் பிறகு மோஷன் எப்படிப் போகிறது என்று கேட்பது, ஸ்கேன் எடுப்பதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் விளக்கம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 12-15 சென்டிமீட்டர். வெறும் குழாய் இல்லை, அது ஒரு தொட்டி. தில்லியில் வீடு எடுத்துத் தங்கியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முனிசிபல் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டாங்க் இருந்தால் நமக்கு வேண்டும்போது குழாயைத் திறந்துகொள்ளலாம். டாங்கைக் கழற்றிவிட்டு நேர் லைன் கொடுத்துவிட்டால்? தண்ணீர் வரும்போது வந்ததுதான், ராத்திரி மூன்று மணியானாலும் வாளியோடு ஓட வேண்டியதுதான். அதுதான் இங்கேயும்.

தொட்டி போனது ஒரு காரணம். குழாயின் வாஷர் மாதிரி இருக்கும் சுருக்குத் தசையும் ஆபரேஷனில் கொஞ்சம் பலவீனமாகலாம். வந்திருப்பது வாயுவா, தண்ணியா, கெட்டியா என்று பிரித்துச் சொல்லும் நரம்புகளும் அடிபடலாம். பக்கத்தில் மூத்திரப்பைக்கும் தாம்பத்தியத்துக்கும் போகிற நரம்புகள் வேறு ஓடுகின்றன, அவையும் சில பேருக்குப் பாதிக்கப்படும். (இதை டாக்டரிடம் கேட்க மோஷனைவிடக் கூச்சம். கேளுங்கள்.) ஆபரேஷனுக்கு முன்னால் ரேடியேஷன் கொடுத்திருந்தால் அந்த இடம் இறுகிப்போய் நிலைமை இன்னும் மோசமாகும். கட்டி எவ்வளவு கீழே இருந்ததோ, இணைப்பு எவ்வளவு கீழே போட்டார்களோ, அவ்வளவு தொந்தரவு.

இதற்கு மருத்துவத்தில் 'லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம்' என்று பெயர். சுருக்கமாக லார்ஸ். அடிக்கடி போவது, கொத்துக் கொத்தாகப் போவது, அடக்க முடியாத அவசரம், கசிவு, வாயுவை அடக்க முடியாமை, சில நாள் ஒன்றுமே போகாமல் மறுநாள் சேர்த்துவைத்து வருவது எல்லாமே இதில் அடக்கம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியான ஒரு தொகுப்பில், இந்த ஆபரேஷன் ஆனவர்களில் சுமார் 41 சதவீதம் பேருக்குக் கடுமையான லார்ஸ் இருந்தது. ஐந்தில் இரண்டு பேர்! இதைப் பக்க விளைவு என்று ஓரமாகத் தள்ளிவிட முடியுமா?

இன்னொரு விஷயம். நிறையப் பேருக்கு இணைப்பு ஆறுவதற்காகச் சில மாதங்கள் வயிற்றில் தற்காலிகப் பை வைப்பார்கள். அதை எடுத்து மூடும் நாளுக்காக வீடே காலண்டரைக் கிழித்துக்கொண்டிருக்கும். "பையை எடுத்துட்டா பழையபடி ஆயிடுவீங்க" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். நிஜத்தில் லார்ஸ் தலைகாட்டுவதே பையை எடுத்த பிறகுதான். யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால், என்னமோ தப்பாகிவிட்டது, கேன்சர் திரும்பிவிட்டது என்று மனுஷன் பயந்தே பாதியாகிவிடுவார்.

சரி, என் வழக்கு யார் யார் மேல்?

முதலில் டாக்டர்கள். அவர்கள் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1908-ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த ஆபரேஷனில் மலக்குடல், ஆசனவாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிரந்தரமாக வயிற்றில் வழி வைத்துவிடுவார்கள். பல பத்தாண்டுகளுக்கு அதுதான் வழி. 1970-களில் வட்ட ஸ்டேப்ளர் கருவி வந்து, மிகக் கீழேகூடக் குடலை இணைக்க முடிந்தது. 1982-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு முழுசாக எடுக்கும் முறையை விளக்கினார். அதன் பிறகு அதே இடத்தில் கேன்சர் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. இதெல்லாம் பெரிய காரியம், சந்தேகமே இல்லை.

ஆனால் எதை அளக்கிறார்களோ அதில்தான் கவனம் போகும். எத்தனை பேர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார்கள், எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது, எத்தனை பேருக்குப் பை இல்லாமல் முடித்தோம், இவ்வளவும் கணக்கில் இருக்கிறது. அந்த ஆள் இப்போது ஆபீஸ் போகிறாரா, ராத்திரி தூங்குகிறாரா, அந்தக் கணக்கு யாரிடம்? அத்தானுக்கு ஆபரேஷன் செய்த இடத்தின் பேர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் காத்திருப்பு, ஆறு நிமிஷம் சந்திப்பு. "எனி ப்ராப்ளம்?" என்பார் டாக்டர். "நத்திங் சார்" என்பார் இவர். பின்னால் இருபது பேர் நிற்கும்போது, ஒரு பெண் டாக்டரும் இரண்டு மாணவர்களும் பக்கத்தில் இருக்கும்போது, 56 வயது ஆள் "துணியில போயிடுது டாக்டர்" என்று இந்தியிலோ இங்கிலீஷிலோ சொல்லிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? தமிழிலேயே அதற்கு நாகரிகமான வார்த்தை தேட வேண்டியிருக்கிறது.

அதனால்தான் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்கிறேன், அதுவும் குறிப்பான கேள்வியாக. அதற்கு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2012-ல் டென்மார்க் டாக்டர்கள் எமர்ட்சன், லார்பெர்க் இருவரும் ஐந்தே கேள்விகளில் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட இப்படி:

1. வாயுவை அடக்க முடியாமல் போவது உண்டா?
2. தண்ணியாகத் தெரியாமல் கசிவது உண்டா?
3. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்?
4. போய்விட்டு வந்து ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா?
5. அவசரம் தாங்காமல் ஓட வேண்டியிருக்கிறதா?

ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண். மொத்தம் 42. 20 வரை பிரச்சினை இல்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30-ம் அதற்கு மேலும் போனால் கடுமை. நிரப்ப ஒரு நிமிஷம் போதும். ஓபிடி க்யூவில் உட்கார்ந்திருக்கும் நாலு மணி நேரத்தில் ஒரு நிமிஷம்! தமிழ், இந்தி, பெங்காலி என்று அச்சடித்து, நர்ஸ் ஒருவர் கையில் கொடுத்தால், வாயால் சொல்லக் கூசுகிறவரும் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார். செலவு ஒரு தாள்.

டாக்டர்கள் தரப்பில் இரண்டு பதில் வரும், தெரியும். ஒன்று, "உயிர் போகிற நோய்க்கு வைத்தியம் பார்க்கிறோம், நேரம் எங்கே?" நேரம் இல்லை என்பது உண்மை. எய்ம்ஸ் வாசலில் ராத்திரி போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து நடைபாதையில் படுத்திருக்கும் கூட்டம். அதனால்தான் டாக்டரின் நேரத்தைக் கேட்கவில்லை, ஒரு தாளைக் கேட்கிறேன். இரண்டாவது, "முன்கூட்டியே சொன்னால் பயந்து ஆபரேஷனுக்கே வரமாட்டார்கள்." இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீமோவில் முடி கொட்டும் என்று முதல் நாளே சொல்கிறார்களே, யாராவது ஓடிப்போனார்களா? தெரிந்துகொண்டு எதிர்கொள்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

இதில் அந்தப் பையைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் குடும்பங்களில் நிரந்தரப் பை என்றாலே வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணம். "எப்படியாவது பை இல்லாம பண்ணிடுங்க டாக்டர்" என்பதுதான் முதல் வேண்டுகோள். பை இல்லை என்றால் பழைய வாழ்க்கை, பை என்றால் நாசம் என்று இரண்டே கட்டமாகப் பார்க்கிறோம். ஆனால் 2005-ல் வெளியாகி 2012-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பு, உலகத்தின் பல இடங்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நிரந்தரப் பை வைத்தவர்களைவிட, குடலை இணைத்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அதன் முடிவு. பையோடு நிம்மதியாக ஆபீஸ் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பை இல்லாமல் வீட்டிலேயே முடங்கியவர்களும் இருக்கிறார்கள். பையே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டி மிகக் கீழே இருந்து, தசை ஏற்கனவே பலவீனமாக இருக்கும் ஒருவருக்கு, இரண்டு பக்கத்தையும் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்கிறேன். அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

உலகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. பிரேசிலின் சாவ் பாலோவில் ஆஞ்செலிட்டா ஹாப்ர்-காமா என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ரேடியேஷனும் கீமோவும் கொடுத்து கட்டி முழுசாக மறைந்துவிட்டவர்களை வெட்டாமல் நெருக்கமாகக் கண்காணிக்கும் வழியை 2004-ல் முன்வைத்தார். 2022-ல் நியூயார்க்கில், ஒரு குறிப்பிட்ட மரபணு வகைக் கட்டி இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்து, 12 பேருக்கும் கட்டி மறைந்தது. அந்த வகைக் கட்டி மலக்குடல் கேன்சரில் கொஞ்சம் பேருக்குத்தான், அதனால் எல்லோருக்கும் இது இல்லை. ஆனாலும் இந்த முயற்சிக்கெல்லாம் ஒரு காரணம், தொட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்பது.

ஏற்கனவே ஆபரேஷன் ஆனவர்களுக்கு என்ன வழி? அத்தானுக்கு, ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு டாக்டர் கேட்ட பிறகு படிப்படியாகச் செய்ததையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். இது வைத்தியக் குறிப்பு இல்லை, டாக்டரிடம் என்ன கேட்பது என்பதற்கான பட்டியல் மட்டும்.

முதலில் சாப்பாடு. தில்லிக்கு வந்து நாம் பழகிக்கொண்ட ராஜ்மா, சோலே, முட்டைக்கோஸ், எண்ணெயில் பொரித்தது, காரம் எல்லாம் நிறையப் பேருக்கு ஆகாது. சாதம், வாழைப்பழம், இட்லி, ஜவ்வரிசி, தயிர் சாதம் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். காபி குடலைத் தட்டி எழுப்பும். காலை டிகாக்‌ஷனை விட்டதுதான் ஆபரேஷனைவிடக் கஷ்டம் என்று அத்தான் சொல்வார்! முக்கியமாக, வெளியே போக வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடப்பது. சாப்பிட்டால் குடல் அசையும் என்பதால் நிறையப் பேர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். கேன்சரில் இளைத்த உடம்பு இதனால் இன்னும் இளைக்கும்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு என்றுதான் நமக்குத் தெரியும். கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துச் சாப்பிட்டால் தண்ணியாகப் போவதைக் கெட்டிப்படுத்தவும் அது உதவும். லோபரமைட் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், டாக்டர் சொல்லும் அளவில் எடுப்பது உண்டு. இடுப்புத் தளத் தசைப் பயிற்சிகள், கருவி வைத்துத் தசையைப் பழக்கும் பயோபீட்பேக், இவற்றுக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் தேவை. அதற்கும் அடங்காதவர்களுக்கு, தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணீரை ஆசனவாய் வழியே செலுத்திக் குடலைக் காலி செய்துகொள்ளும் முறை இருக்கிறது. ஒரு தடவை காலி செய்துவிட்டால் பல மணி நேரம் நிம்மதி. இதைப் பயிற்சி பெற்றவர் நேரில் கற்றுக்கொடுக்காமல் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது, குடலில் காயமாகிவிடும். நரம்பைத் தூண்டும் கருவியை உடம்பில் பொருத்துவதும் உண்டு, செலவு அதிகம். எதுவும் பலிக்கவில்லை என்றால் மறுபடி பை வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான், தோல்வி இல்லை.

பெரும்பாலோருக்கு முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே ஓரளவு குறையும். முழுசாகப் பழையபடி ஆகும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அத்தானுக்குப் பன்னிரண்டு நாலைந்தாகக் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு மனுஷன் ஆபீஸ் போய் வந்துவிட முடிகிறது.

இரண்டாவது வழக்கு இந்த ஊர் மேல். தில்லிக்கும் கக்கூஸுக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. பிந்தேஷ்வர் பாடக் 1970-ல் ஆரம்பித்த சுலப் அமைப்பின் கழிப்பறை மியூசியம் பாலம் பக்கத்தில் 1992-லிருந்து இருக்கிறது, உலகம் பூராவிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். அதே ஊரில் அவசரத்துக்கு ஒரு கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடிப்பது தவம். 2017-ல் தெற்கு தில்லி மாநகராட்சி, ஹோட்டல்களும் ரெஸ்டாரண்டுகளும் பொதுமக்களைத் தங்கள் கழிப்பறைக்கு அனுமதிக்க வேண்டும், அதிகபட்சம் 5 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அந்த மாநகராட்சி 2022-ல் மற்ற இரண்டோடு இணைந்துவிட்டது. யோசனை என்னவோ அருமையானது. ஆனால் அத்தானைப் போன்றவர் வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம் நின்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், குடல் நோய் இருந்த ஒரு பள்ளி மாணவிக்குக் கடையில் கழிப்பறை மறுக்கப்பட்டு, அவள் போராடி 2005-ல் ஒரு சட்டமே வந்தது. இப்படிப்பட்ட நோய் உள்ளவர்கள் கேட்டால், கடை ஊழியர்களின் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். ஆலி சட்டம் என்று அவள் பேரிலேயே சொல்கிறார்கள். பிரிட்டனில், 'என்னால் காத்திருக்க முடியாது' என்ற பொருளில் ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள், பேசவே வேண்டாம், காட்டினால் போதும். ஜப்பானில் வயிற்றில் பை வைத்தவர்களுக்கென்றே வசதியும் அடையாளப் படமும் உள்ள பொதுக் கழிப்பறைகள் இருக்கின்றன. நம்மிடம் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் குடல் கட்டுப்பாட்டை இழந்தவரும் இல்லை, வயிற்றில் பை வைத்தவரும் இல்லை. சட்டம் மாற வருஷக்கணக்காகும். ஆஸ்பத்திரி முத்திரை போட்டு ஒரு அட்டை அடித்துக் கொடுக்க எத்தனை நாளாகும்?

மூன்றாவது வழக்கு நம் மேல்தான். வெளியூரில் குடும்பம் நடத்துகிற நமக்கு இதில் கூடுதல் சிக்கல். கூட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. விருந்தாளி வந்தால் ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் நெரிசல். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி மூன்று மணிக்கு ஐஸ் தண்ணீரில் கழுவிக்கொள்வது தண்டனை. ஒரு சின்ன கீசர், கைக்கு எட்டும் ஹெல்த் பாசெட், புண்ணாகாமல் இருக்க ஜிங்க் ஆக்சைடு களிம்பு, பாத்ரூமிலேயே மாற்று உள்ளாடைக்கு ஒரு அலமாரி. இவ்வளவுதான் தேவை. (நல்லவேளை, நாம் தண்ணீர் உபயோகிக்கிறவர்கள். பேப்பரால் பத்து தடவை துடைத்தால் தோல் என்னத்துக்கு ஆகும்!)

இதைவிட முக்கியம், நாம் பேசாமல் இருக்க வேண்டிய இடங்கள். "மறுபடியுமா?" என்று கேட்காதீர்கள். பாத்ரூம் கதவைத் தட்டாதீர்கள். "சாமி ரூமுக்குள்ள வராதீங்க" என்பதைப் போன்ற பேச்சு எந்த வீட்டில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். நோயைச் சுத்தம், அசுத்தம் என்று பிரிக்க ஆரம்பித்தால் மனுஷன் தானாகவே ஒதுங்கிவிடுவான். எங்கள் அக்கா ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. வெளியே கிளம்பும்போது தன் ஹேண்ட்பேக்கில் ஒரு செட் துணியும் ஒரு பிளாஸ்டிக் கவரும் வைத்துக்கொள்வாள். எதற்கு என்று சொல்லவும் மாட்டாள். அந்த ஒரு பையின் தைரியத்தில்தான் அவர் முதல் முறையாக மெட்ரோ ஏறினார்.

ஆபீஸில் டீம் லீடராக, மேனேஜராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கீழே வேலை பார்க்கிற ஒருவர் கேன்சர் சிகிச்சை முடிந்து திரும்பினால், பூங்கொத்தோடு சேர்த்துப் பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டும் கொடுங்கள். நீண்ட மீட்டிங்கில் நடுவில் எழுந்து போனால் காரணம் கேட்காதீர்கள். காலை நேரம்தான் நிறையப் பேருக்கு மோசமாக இருக்கும், ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதியுங்கள். இதற்கெல்லாம் ஹெச்.ஆர். பாலிசி தேவையில்லை.

ஊருக்குப் போகிற விஷயமும் சொல்லிவிடுகிறேன். ரயிலே சாத்தியமில்லை என்று நினைக்க வேண்டாம். கதவுப் பக்கத்துக் கீழ் பெர்த், முந்தின நாளிலிருந்து ஒத்துக்கொண்ட சாப்பாடு மட்டும், டாக்டரிடம் கேட்டு மாத்திரை, கைக்கு எட்டும் இடத்தில் மாற்றுத் துணி. முதலில் ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று கிட்டத்து ஊருக்கு ஒத்திகை பார்த்துவிட்டுப் பிறகு நீண்ட பயணம் போகலாம்.

உங்கள் சொந்தத்திலோ நட்பிலோ இந்த ஆபரேஷன் ஆனவர் இருந்தால், "உடம்பு எப்படி இருக்கு?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். தனியாக இருக்கும்போது, "மோஷன் ஒழுங்கா போகுதா, தொந்தரவு இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்படுவார், பரவாயில்லை. மேலே இருக்கும் ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதிலை எழுதி, அடுத்த செக்கப்பில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு மேலே வைத்து டாக்டரிடம் நீட்டச் சொல்லுங்கள். லார்ஸ் என்ற வார்த்தையையும் எழுதிக் கொடுங்கள். பேர் தெரிந்த நோய்க்குத்தான் டாக்டரிடம் பதில் கேட்க முடியும்.

பி.கு.: மோஷனில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு வயிறு உப்புவது, புதிதாக வலி, இவற்றில் எது இருந்தாலும் லார்ஸ்தான் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷனே ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும். ரத்தம் வந்தால் மூலம் என்று நாட்டு மருந்துக் கடையில் மாதக்கணக்கில் லேகியம் வாங்கிச் சாப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள்.